கையால் செய்த குறைகள்

தீபாவளிக்கு முதல் நாள் அவள் வீட்டுச் சமையலறையில் முறுக்கைக் கருக்கிக்கொண்டிருந்தாள். முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள் என்று நான் சொல்லவில்லை. அதைத் தொழிற்சாலைக்காரன் சுட்டுப் பையில் கட்டி அனுப்பியிருந்தான். எல்லாம் ஒரே வட்டம், ஒரே நிறம். காலிப் பைகளைக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்து, மேலே வாழைப்பழத் தோலைப் போட்டு மூடியிருந்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் ஒவ்வொரு முறுக்காகப் பிடித்துத் தீயில் காட்டினாள். சிலவற்றை மட்டும். ஓரம் கறுத்ததும் எடுத்து ஊதி, பழைய பிஸ்கட் டின்னில் மற்றவற்றோடு கலந்தாள். இரண்டு மூன்றை உடைத்தும் போட்டாள்.

நான் ரவிக்கை கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா மேடம் செய்றீங்க?”

“கையால சுட்டா கொஞ்சமாச்சும் கருகணும்லா டைலர். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எவ நம்புவா?”

மறுநாள் தீபாவளிக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி கருகிய முறுக்கு ஒன்றைக் கடித்துவிட்டு, இதுதான் வீட்டு ருசி என்று புகழ்ந்தாள். இவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். “எண்ணெய் தெறிச்சிருச்சு, பரவால்ல” என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள். அந்த விரலில் ஒரு கீறல்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் அந்த விரலை நீட்டித்தான் ரவிக்கைக் கழுத்தில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

முகத்துக்கு நேரே அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டேன். இங்கே ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை தெரியாமல் அல்ல. ‘அவர்’ போட்டு எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

ஜொகூரில், உலு திராம் ஊரில் ஒரு கடைவரிசையில், பல் டாக்டருக்கும் மோட்டார் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவள் துணிக்கடை. கைத்தறிச் சேலைகள், கைவினைப் பொருட்கள். சனி ஞாயிறில் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டிப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். மலாய்க்காரப் பெண்கள் துப்பட்டாவும் சட்டைத் துணியும் பார்க்க வருவார்கள். நான் கடையின் பின்னறையில் ரவிக்கை தைத்தேன், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தேன், முந்தானைக்குக் குஞ்சம் கட்டினேன். என் சொந்தத் தையல் மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, தைத்த துணிக்குக் கூலி வாங்கிக்கொள்வேன். எனக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ‘டைலர்’ என்பாள். கஸ்டமர் முன்னால் மட்டும், “இவங்க கை சாதாரணக் கை இல்லை, தெய்வக் கை” என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். கஸ்டமர் போனதும் விட்டுவிடுவாள்.

அவள் பேச்சைக் கேட்க வேண்டும். கோயில் திருவிழா, மாதர் சங்கக் கூட்டம், பள்ளி விழா, எங்கே கூப்பிட்டாலும் போவாள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் போதும். “ஒரு சேலை வாங்கினா நீங்க ஒரு துணிய வாங்கல, அம்மா. நூல் சுத்துற பாட்டிக்குக் கஞ்சி ஊத்துறீங்க. சாயம் போடுறவருக்கு வேலை கொடுக்குறீங்க. பாவு ஓட்டுறவங்க, அச்சுப் பிணைக்கிறவங்க, தறில உக்கார்ற பொம்பள, அவ பிள்ளையோட பள்ளிக்கூடம், எல்லாம் உங்க இடுப்புல இருக்கு.” சொல்லிவிட்டுத் தன் சேலையின் கொசுவத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். முன்வரிசையில் இரண்டு பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என்னால் தாங்க முடியாதது அதைத்தான். பொய் பேசுகிறவளை ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். இவள் உண்மையைப் பேசி, அதன் முதுகுக்குப் பின்னால் மில் துணியை விற்றாள்.

பின்னறையில் பொட்டலங்கள் வந்து இறங்கும். விசைத்தறியில் ஓடிய சேலைகள். அழகாகத்தான் இருக்கும், நான் குறை சொல்ல மாட்டேன். மில் சேலை மில் சேலையாக விற்றால் யாருக்கு என்ன நஷ்டம்? என் கல்யாணத்துக்கு நான் கட்டியதே மில் சேலைதான். ஆனால் இவள் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் லேபிளைக் கிழிப்பாள். பிறகு எல்லாவற்றையும் சாந்தியின் முன்னால் தள்ளுவாள். சாந்தி என்பவள் கடையில் வேலை பார்த்த பெண். வாய் பேசாமல் சொன்னதைச் செய்வாள். அவள் வேலை குண்டூசி.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கைத்தறியில் நெய்யும்போது துணி உள்ளே சுருங்காமல் இருக்க, ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் ஊசி வைத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்திருப்பார்கள். நெய்ய நெய்யக் குச்சியை நகர்த்திக்கொண்டே போவார்கள். அந்த ஊசி குத்திய தடம் சேலையின் ஓரத்தில் பொடிப்பொடியாகத் தெரியும். மேடம் இதை எங்கோ தெரிந்துகொண்டுவிட்டாள். அன்றிலிருந்து சாந்தி உட்கார்ந்து, மில் சேலைகளின் ஓரத்தில் குண்டூசியால் குத்திக்கொண்டே இருந்தாள்.

“ஒரே இடைவெளியா குத்தாத. கொஞ்சம் கோணலா குத்து. மனுசக் கைலா அது.”

அதோடு விடமாட்டாள். உள்பக்கத்தில் ஒரு நூலை இழுத்து முடிச்சுப் போடச் சொல்வாள். மடிப்பில் மஞ்சள் தூளைக் கொஞ்சம் தடவுவாள். கஞ்சி வாசம் வருவதற்காகச் சோறு வடித்த தண்ணீரைத் தெளிப்பாள். பிறகு ஓர் அட்டையைக் குஞ்சத்தில் கட்டித் தொங்கவிடுவாள். ‘இதை நெய்த கைகள்’ என்று மேலே அச்சடித்து, கீழே கண்ணாடி போட்ட ஒரு கிழவரின் படம். பார்த்தவர்கள் உருகினார்கள். அந்தக் கிழவர் சாஆ என்ற ஊரில் ஓய்வுபெற்ற லோரி டிரைவர். சாந்தியின் பெரியப்பா. தறி மாதிரித் தெரியட்டும் என்று பேரப்பிள்ளையின் தொட்டில் கம்புக்குப் பின்னால் உட்காரவைத்து எடுத்த படம் அது. அவர் தறியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒருமுறை அவரே கடைக்கு வந்து, தன் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னாம்மா, நான் செத்துட்டேனா?” என்று கேட்டார். பயந்துவிட்டார், பாவம்.

கஸ்டமர்களுக்கு அவள் பாடமே எடுத்தாள். “ஓரத்தப் பாருங்க. ஓட்டை இருக்கா? இருந்தா கைத்தறி. இல்லன்னா வாங்காதீங்க, ஏமாத்துறாங்க.” இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ. ஜொகூர் முழுக்கப் பரவிவிட்டது. கல்யாண மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். பந்தி வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் முன்னால் நிற்பவளின் முந்தானை ஓரத்தை மெதுவாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். ஓட்டை இருந்தால் தலையை ஆட்டுவாள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். பொண்ணு மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

சேலை மட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். இது அவளுக்கு ஒரு நோய். கடை வாசலில் ஒட்டுக் கோலம் ஒட்டுவாள். ஒட்டிய பிறகு அரிசி மாவை எடுத்து ஒரு மூலையில் தூவி, கட்டை விரலால் ஒரு கோட்டைக் கலைப்பாள். தன் மருமகளின் வளைகாப்புக்கு அழைப்பு அட்டை அச்சடித்தபோது, எழுத்தை வேண்டுமென்றே சாய்த்துப் போடச் சொன்னாள். ஒழுங்காக இருக்கும் எதையாவது பார்த்தால் அவள் விரல் துறுதுறுவென்று இருக்கும். ஒருநாள் நான் தைத்து வைத்த ரவிக்கையின் கைப்பட்டியில் இரண்டு தையலைப் பிரித்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய்ச் சண்டை போட்டேன்.

“ஏன் மேடம் பிரிச்சீங்க?”

“ரொம்ப நேர்த்தியா இருக்கு டைலர். மெஷின் தச்சதுன்னு நெனைப்பாங்க.”

“மெஷின்லதானே தச்சேன்!”

“அது அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?”

மெர்சிங்கிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா தாழை ஓலையில் பின்னிய கூடைகளையும் பாய்களையும் கொண்டுவந்து கொடுப்பார். எல்லாரும் அவரை மக்சிக் என்போம், அத்தை என்கிற மாதிரி. அவர் பின்னலில் ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில் வெளிச்சம் புகாது. ஒருமுறை அவர் கண் முன்னாலேயே மேடம் ஒரு கூடையின் விளிம்பில் நகத்தை விட்டு ஓலையைக் கிளப்பினாள். மக்சிக் பாய்ந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டார். ஏன் ரோசாக் பண்ணுகிறாய், ஏன் கெடுக்கிறாய் என்று மலாயில் கத்தினார். மேடம் சிரித்துச் சமாளித்தாள். இப்படி இருந்தால்தான் வாங்குவார்கள் என்றாள். மக்சிக் எல்லாக் கூடைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தன் காடியில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மெர்சிங் படகுத்துறையில் தீவுக்குப் போகும் ஆட்கள் அவரிடம் வாங்கத் தயாராக இருந்தார்கள். அவரால் போக முடிந்தது. நான் அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக மெஷினை மிதித்தேன்.

ஏன் இவள் இப்படி என்று யோசித்திருக்கிறேன். ஒருநாள் மழை. கடையில் ஆள் இல்லை. மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். சாஆ பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மா பள்ளிச் சட்டையைக் கையாலேயே தைத்துப் போட்டு அனுப்புவாளாம். தையல் கோணிக்கொண்டு போகுமாம். மற்ற பிள்ளைகள் கடைச் சட்டை போட்டிருப்பார்கள். “கைத்தையல், கைத்தையல்னு கூப்பிட்டே கொன்னாங்க. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையக் கழட்டி மிதிப்பேன் டைலர். இப்ப பாருங்க, பெரிய பெரிய காடில வந்து அதே கோணத் தையலுக்குச் சண்ட போடுறாளுங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அப்புறம் அவள், “சாந்தி, அந்தப் பச்சச் சேலைக்கு ஓட்ட போட்டாச்சா?” என்று குரல் கொடுத்தாள். இரக்கம் போய்விட்டது.

முறுக்குக் கருக்கிய தீபாவளிக்கு அடுத்த வருடம், தீபாவளிச் சந்தைக்குத்தான் மல்லிகா வந்தாள். யாரோ ஒரு பெரிய மனிதர், உங்கள் நெசவாளியை ஒருமுறை மேடையில் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். லோரி டிரைவர் பெரியப்பாவை மேடை ஏற்ற முடியாது. அதனால் மேடம் எங்கெங்கோ பேசி, தமிழ்நாட்டிலிருந்து நிஜமாகவே ஒரு நெசவுக்காரியை வரவழைத்தாள். தங்குமிடத்துக்குச் செலவாகும் என்று என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அதற்கு மட்டும் நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மல்லிகாவுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லி. விரல் நுனியெல்லாம் நூல் ஓடிக் காய்த்திருக்கும். வந்த முதல் நாள் காலையில் பசியாற வாங்கி வந்த நாசி லெமாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, “சோத்துல தேங்காப்பாலா அக்கா? பண்டிகையா இன்னிக்கி?” என்று கேட்டாள். சேலைகளை ஒரு வெள்ளை வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் இரண்டு தறி. புருஷன் ஒன்றில், இவள் ஒன்றில். மாமியார் நூல் சுற்றுவார். இதுவரை பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லிக்கொண்டிருந்த முதலாளி, விசைத்தறி போட்டுவிட்டார். இனிமேல் உங்களுக்குப் பாவு இல்லை என்று சொல்லிவிட்டார்.

“இவங்க ஆர்டர் குடுத்தா போதும்க்கா. எங்க வீட்டுக்கு மட்டுமில்ல. எங்க தெருவுல எல்லாருமே அந்த மொதலாளிகிட்ட பாவு வாங்கி நெஞ்சவங்கதான். நான் போய்க் கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். வெறுங்கையோட போனா மூஞ்சில முழிக்க முடியாது.”

“ஆர்டர் இல்லாட்டி?”

“பனியன் கம்பெனிக்குப் போவணும். எங்க ஊட்டுக்காரரு இப்பவே போலாங்கறாரு. நாந்தான் இருய்யா, போயிட்டு வரேன்னு நிறுத்தி வச்சிருக்கேன்.”

சேலையைப் பிரித்துக் காட்டினாள். அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை. ஜொகூரில் விற்கப்போகிறோம் என்று கேள்விப்பட்டு, கரையில் மிளகுக் கொடி போட்டிருந்தாள். இங்கே மிளகு விளையும் என்று யாரோ சொன்னார்களாம். இலையும் கொத்துமாக அது கரை முழுக்கப் படர்ந்திருந்தது. நான் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஓட்டையே தெரியவில்லை.

“ஊசித் தடம் எங்க மல்லிகா?”

அவள் வெட்கப்பட்டாள். “அதெல்லாம் தெரியக் கூடாதுக்கா. மெல்லிசு ஊசி போடுவோம். தறியில இருந்து அறுத்து எடுத்தப்புறம் லேசா ஈரம் தொட்டு நகத்தால தேச்சு உட்டா மூடிக்கும். தெரிஞ்சா எங்க மாமியாரு உண்டு இல்லன்னு ஆக்கிடும்.”

எனக்கு அப்போதே பகீர் என்றது. ஆனால் நான் என்ன செய்ய?

சந்தை ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் மல்லிகாவை உட்காரவைத்து மாலை போட்டு, மேடம் அரை மணி நேரம் பேசினாள். கை தட்டினார்கள். கீழே இரண்டு மேசைகள். ஒன்றில் சாந்தி குத்தித் தள்ளிய சேலைகள். இன்னொன்றில் மல்லிகாவின் சேலைகள். பேச்சு முடிந்ததும் பெண்கள் நேரே மல்லிகாவின் மேசைக்குத்தான் வந்தார்கள். தொட்டார்கள், நிறத்தைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். ஓரத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்கள். வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்கள்.

மல்லிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏங்க்கா, நெறம் புடிக்கலையா?”

“நெறமெல்லாம் அழகுதான்மா” என்றாள் ஒருத்தி. “ஆனா இது மில்லுல்ல? ஓட்டையே இல்லையே.”

“இல்லீங்கம்மா, எங்கையால நெஞ்சது.”

“பரவால்லமா. விக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவீங்க. எங்களுக்குப் பாக்கத் தெரியும்.” அன்பாகத்தான் சொன்னாள். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் பக்கத்து மேசை பாதி காலி. மல்லிகாவின் மேசையில் ஒன்றும் குறையவில்லை. அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சேலைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் எல்லாருக்கும் ஒரே கையிலிருந்து வந்த சேலை வேண்டுமாம். மிளகுக் கொடிச் சேலையை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. தோளில் போட்டுப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஓரத்தைத் தூக்கினார். முகம் சுருங்கியது.

“ஐயோ, இது மில்லா?”

என்னால் பொறுக்க முடியவில்லை. “அம்மா, இதுதான் கைத்தறி. அதோ அந்த மேசைல இருக்கறதுதான் மில்லு. ஓட்டையெல்லாம் குண்டூசி வச்சுக் குத்துனது. நான் அந்தக் கடையில வேலை செய்றேன், என் கண்ணால பாக்குறேன்!” மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். மேடம் கோபப்படவே இல்லை. பெருமூச்சு விட்டு, “அவங்களுக்கு எம்மேல மனஸ்தாபம்மா. என்னா செய்றது, ஒரே வீட்டு ஆளுங்க மாதிரிதான் வச்சிருக்கேன்” என்றாள். அந்த அம்மா என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அந்த ஓரடி.

“அஞ்சு நிமிசம் குடுங்கம்மா. வெளிச்சத்துல சரியாத் தெரிஞ்சிருக்காது. நான் எடுத்துட்டு வரேன்.” மேடம் சேலையை வாங்கிக்கொண்டு மேடைத் திரைக்குப் பின்னால் போனாள். மல்லிகாவும் பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன்.

திரைக்குப் பின்னால் மேடம் சேலையை மடியில் விரித்து, தலையிலிருந்து ஓர் ஊக்கை உருவிக் கரையில் ஓங்கிக் குத்தினாள். இழை அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“ஐயோ மேடம், என்னா செய்றீங்க!” மல்லிகா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஆர்டர் வேணுமா வேணாமா?” என்றாள் மேடம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “அந்த அம்மா ஒரு ஆளு வாங்குனா அவங்க சொந்தமெல்லாம் வாங்கும். ஒரு வருசத்துக்கு உங்க தெருவுக்கு வேலை. ஓட்டைதான கேக்குறாங்க, குடுத்துட்டுப் போலா. இல்லன்னா இப்பவே சொல்லு, பெட்டியக் கட்டிக்கலாம்.”

நான் மல்லிகாவிடம், “வேணாம்மா, எடுத்துட்டு வா, போலாம்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மெர்சிங் படகுத்துறை இல்லை. போய் விற்க வேறு ஓர் இடம் இந்த நாட்டில் அவளுக்குத் தெரியாது. மேடத்தின் மணிக்கட்டை விட்டாள்.

பிறகு கையை நீட்டினாள்.

“ஊக்கு வேணாம் மேடம், நூல அறுத்துடும். மெல்லிசு ஊசி இருந்தா குடுங்க. நானே குத்துறேன்.”

சாந்தி ஓடிப்போய் ஊசி கொண்டுவந்தாள். மல்லிகா தரையில் உட்கார்ந்து, இழைக்கும் இழைக்கும் நடுவில், ஒரு நூலும் அறுந்துவிடாமல், தன் சேலையைத் தானே குத்தினாள். மேடம் குனிந்து பார்த்து, “கொஞ்சம் கோணலா” என்றாள். மல்லிகா கோணலாகக் குத்தினாள். நான் பின்வாசல் வழியாக வெளியே போய்க் கால்வாய் ஓரத்தில் நின்றேன்.

திரும்பி வந்தபோது அந்தச் சிங்கப்பூர் அம்மா சேலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. “பாத்தீங்களா, இதுல ஒரு உயிர் இருக்கு” என்றார். மேசையில் இருந்த மற்ற சேலைகளும் திரைக்குப் பின்னால் போய் ஓட்டையோடு வந்தன, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மல்லிகாவின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தம் கொடுத்தார். மேடம் படம் எடுத்தாள்.

அன்று சாயங்காலமே நான் என் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேடம் தடுக்கவில்லை. “கோவத்துல போறீங்க டைலர். நல்லது செஞ்சேன்னு ஒருநாள் புரியும்” என்றாள். அவள் அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்னும் குமட்டுவது அதனால்தான். அவள் ஆர்டர் கொடுத்தது உண்மை. அந்தத் தெருவில் தறி ஓடுவது உண்மை. ஆர்டரோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். ஓரத்தில் ஓட்டை மட்டும் போதாது, ஒவ்வொரு சேலையிலும் எங்காவது ஒரு பிசகு இருக்க வேண்டும். ஒரு இலை விட்டுப்போக வேண்டும், ஒரு கொத்து இடம் மாறியிருக்க வேண்டும். கண்ணில் படுகிற மாதிரி.

நான் இப்போது வீட்டிலேயே தைக்கிறேன். மல்லிகா அவ்வப்போது போன் செய்வாள். போன வாரமும் செய்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“போவுதுக்கா. மொத அனுப்புனதுல பாதிய மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“ஏன், என்னாச்சு?”

“ரொம்ப ஒழுங்கா இருக்குதாம். எங்க தெருவுல தப்பா நெய்ய ஒருத்தருக்கும் வரலக்கா. கண்ணு மூடிக்கிட்டு நெஞ்சாக்கூடக் கை தானா திருத்திடுது. மாமியாரு அழுவுது. இப்ப எல்லாரும் தப்பு பண்ணப் பழகிட்டிருக்கோம்.”